ஹாகேயின் குழியில் இருவர்

ட்ராவர்ஸ் ஏரி, தக்கோட்டா பிரதேசம்
ஜூன் 4, 1889

அக்கா ஹாப்ஸ்தினுக்கு,

தம்பி கிதியோன் இன்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். நல்ல மனதோடு உங்கள் கையைக் குலுக்குகிறேன். நீங்களும், நான் பார்த்தேயிராத மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பனிக்காலங்களுக்கு முன் என் மனைவி லூயிசா இறந்துபோனாள். பிள்ளைகள் எங்களுக்குத் தங்கவில்லை. கோதுமை முளைத்திருக்கிறது. வெட்டுக்கிளி இன்னும் வரவில்லை.

வெள்ளைக்காரர்களோடு நம் ஜனம் போட்ட பெரிய சண்டைக்குப் பிறகு நீங்கள் வடக்கே எல்லை தாண்டிப் போனீர்கள், நாங்கள் இங்கே சரணடைந்தோம். அதிலிருந்து நான் உங்களுக்கு எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

கார்வின் கோட்டையை மூடிவிட்டார்கள். கொடியை இறக்கி மடித்துப் பட்டாளம் போய்விட்டது. ஒரு லெப்டினன்டும் ஏழெட்டுச் சிப்பாய்களும் மட்டும் காவலுக்கு இருக்கிறார்கள். அடுப்புகளையும் ஜன்னல் சட்டங்களையும் குடியேறிகள் ஏலத்தில் எடுத்துப் போகிறார்கள். கோட்டைக்கு மேற்கே இருக்கும் இடுகாட்டையும் இலையுதிர் காலத்துக்குள் காலி செய்யப்போகிறார்கள். சிப்பாய்களின் எலும்புகளைத் தோண்டி, பெட்டியில் போட்டு, ரயிலில் தெற்கே ஒரு பெரிய ராணுவ இடுகாட்டுக்குக் கொண்டுபோவார்களாம். நம் தம்பி ஹாகேயும் அங்கேதான் இருக்கிறான். சாகும்போது பட்டாளத்தின் வேவுப்படையில் பேர் இருந்ததால் அவனும் அவர்கள் கணக்கில் ஒரு சிப்பாய்.

அக்கா, ஹாகேயின் குழியில் அவன் மட்டும் இல்லை. அவனுக்கு அடியில் மச்சான் இருக்கிறார். நான்தான் வைத்தேன். வண்டிகள் வருவதற்கு முன் மச்சானை எடுத்து எங்கள் சர்ச் நிலத்தில் புதைத்துவிடலாம் என்றிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று எழுதுகிறேன்.

மருமகனுக்கும் என் கையைக் கொடுக்கிறேன்.

உங்கள் தம்பி,
கிதியோன்


ஓக் ரிவர், மானிட்டோபா
ஜூன் 21, 1889

கிதியோனுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையை நான் குலுக்கவில்லை. நான் சுகம். என் மகன் எனோக் சுகம். லூயிசாவுக்காக வருத்தப்படுகிறேன். அவள் நல்லவள். உனக்கு வாழ்க்கைப்பட்டது அவள் தலையெழுத்து.

என் புருஷனை அந்த ஓடைத்துறையிலேயே ஓநாய்கள் தின்றுவிட்டன என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மகன் பேசத் தொடங்கி, அப்பா எங்கே என்று கேட்டபோது தெற்குப் பக்கம் கையைக் காட்டியதோடு சரி. இப்போது நீ எழுதுகிறாய், பட்டாளம் போகிறது, எலும்பை இடம் மாற்றுகிறேன், தகவலுக்காக என்று. மாட்டுக்கொட்டகையை இடம் மாற்றுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் தயங்கி எழுதுவான்.

அவர் சண்டைக்கு வரவில்லை. அது உனக்குத் தெரியும். ஹாகேயை அழைத்து வர நான்தான் அவரை அனுப்பினேன். அம்மா செத்தபோது அவன் தவழ்கிற குழந்தை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அப்படிப்பட்டவனை நீ உன் வேவுப்படையில் சேர்த்து, வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் கொடுத்து, சொந்த ஜனத்தையே காவல் காக்க நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நச்சரித்தேன். அவர் துப்பாக்கிகூட எடுத்துப்போகவில்லை. துறையில் இறங்கியதும் உன் ஆட்கள் சுட்டார்கள். செய்தி கொண்டுவந்த தோல் வியாபாரி உன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான். எனோக் அப்போது என் வயிற்றில் இருந்தான்.

இரண்டு கேள்வி. நீயே சுட்டாயா, சுடச் சொன்னாயா? நீ கொன்றவரைக் கொண்டுபோய்ச் சிப்பாய்களின் இடுகாட்டில், அதுவும் ஹாகேக்கு அடியில் ஏன் ஒளித்தாய்?

பதில் வரும்வரை அவரைத் தொடாதே. ஹாகேயின் பலகையில் மட்டும் எனக்காக ஒருமுறை கை வை. உங்கள் தரப்பில் நான் அழுதது அவன் ஒருவனுக்குத்தான். இன்றும் சோளம் அவிக்கும்போது முதல் பிடி அவன் பெயருக்குத்தான் எடுத்து வைக்கிறேன்.

ஹாப்ஸ்தின்


ட்ராவர்ஸ் ஏரி
ஜூலை 8, 1889

அக்காவுக்கு,

நல்ல மனதோடு உங்கள் கையைக் குலுக்குகிறேன். நீங்கள் சுகம் என்று படித்தது சந்தோஷம். எனக்கு இருமல் இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஹாகேயின் பலகையில் கை வைத்தேன்.

அங்கே எப்படி வைத்தேன் என்று கேட்டீர்கள். அந்த இடம் எப்படி உண்டானது என்று சொன்னால்தான் புரியும். கோட்டை கட்டிய முதல் பனிக்காலத்தில் சிப்பாய்களுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, செத்துச் செத்து விழுந்தார்கள். பச்சைக் காய் எதுவும் இல்லாமல் உப்புக்கறியையே தின்ற வினை. தரை கல்லாக உறைந்திருந்ததால் பிணங்களை மரக்கொட்டகையில் அடுக்கிவைத்து, பனி உருகியபின் மேற்கு மேட்டில் புதைத்தார்கள். இடுகாடு அப்படித்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு ஏரியில் மூழ்கியவன், குதிரை உதைத்தவன், குடித்துவிட்டுப் பனியில் படுத்தவன், சலவைக்காரியின் மூன்று குழந்தைகள். சண்டையில் செத்து அங்கே வந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவனும் இல்லை.

சுற்றி வேலி போட்டார்கள். வேவுக்காரன் செத்தால் வேலிக்கு வெளியே, வடக்கே. எங்களை உள்ளே விட மாட்டார்கள். பிறகு மாடுகள் நுழைந்து வேலியை முறித்தன. புது வேலி போட வந்தவன் கம்பங்களைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டான். நாங்கள் உள்ளே வந்துவிட்டோம். ஒருமுறை புல்வெளித் தீ வந்து பலகைகள் எல்லாம் கரியாகின. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று பெயர்களைத் திரும்ப எழுத என்னைக் கூப்பிட்டார்கள். யார் எங்கே கிடக்கிறான் என்று கோட்டையில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. சொன்னபடி எழுதினேன். பாதிப் பேர் இன்று வேறொருவன் பெயருக்கு அடியில் தூங்குகிறார்கள்.

மச்சானை முதலில் துறைக்கு மேலேயே கற்களுக்கு அடியில் வைத்தேன். ஓநாய் தொடவில்லை. இரண்டு பனிக்காலம் கழித்து ஹாகே நெஞ்சு நோயில் கிடந்தபோது, மச்சானை என்னோடு வை என்று கேட்டான். திரும்பத் திரும்ப அதையே கேட்டான். எருமைத்தோலில் சுற்றி எடுத்து வந்து, குழியின் அடியில் வைத்து, மேலே ஒரு சாண் மண் போட்டேன். அதற்கு மேல் ஹாகேயின் பெட்டி. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மச்சான் என்றால் உயிர். உங்களுக்குத் தெரியாததா.

லெப்டினன்டிடம் சொல்லிவிட்டேன். அவருடைய கணக்கில் அந்தக் குழிக்கு ஒரு ஆள். அந்த ஒன்று இருந்தால் போதும், மற்றது எனக்குத் தெரியாது என்றார்.

உங்கள் முதல் கேள்விக்கு, வேவுப்படைக்கு அன்று தலைவன் நான்தான். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்களோ அதை நான் மறுத்ததில்லை. இப்போதும் மறுக்கவில்லை.

உங்கள் தம்பி,
கிதியோன்


ஓக் ரிவர்
ஜூலை 25, 1889

கிதியோனுக்கு,

நானும் மகனும் சுகம். உன் இருமலைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பல், ஈறு, வேலி, மாடு, பலகை. யார் சுட்டது என்று கேட்டால் இடுகாட்டுக் காவல்காரன் மாதிரி ஊர்க்கதை எழுதுகிறாய். மறுக்கவில்லையாம். மறுக்காமல் இருப்பது பெரிய மனசு என்று நினைப்போ? செய்தேன் என்று சொல்லவும் உனக்கு வாய் வரவில்லை. சர்ச்சில் நீ மூப்பர் என்று இங்கே வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கையால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பத்தைப் பிட்டு ஜனங்களுக்குக் கொடுக்கிறாயா? அவர்களும் வாங்கித் தின்கிறார்களா?

செத்துக்கொண்டிருந்த பிள்ளை மச்சானைத்தான் கேட்டிருக்கிறான், உன்னைக் கேட்கவில்லை பார். கூடவே இருந்த அண்ணனை விட்டுவிட்டு நீ கொன்றவரோடு படுக்கிறேன் என்றான். அதிலிருந்தாவது உனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ அவரை எடுக்க வேண்டாம். வைக்கோல் அறுப்பு முடிந்ததும் எனோக் வருகிறான். தகப்பனை மகன் எடுத்து வருவான். இங்கே ஆற்றங்கரை மேட்டில் அவருக்கு இடம் பார்த்துவிட்டேன்.

எனோக்குக்கு எல்லாம் தெரியும். சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். உன் வீட்டில் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

ஹாப்ஸ்தின்


ட்ராவர்ஸ் ஏரி
ஆகஸ்ட் 9, 1889

அக்காவுக்கு,

நல்ல மனதோடு உங்கள் கையைக் குலுக்குகிறேன். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

எனோக்கை அனுப்பாதீர்கள். எல்லை தாண்டி வருகிறவர்களிடம் அரசாங்க ஏஜென்ட் அனுமதிச் சீட்டு கேட்கிறார். வழியில் குடியேறிகள் நல்லவர்கள் இல்லை. மச்சானை நானே வண்டியில் எல்லைவரை கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். எனோக் அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும். என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் பெட்டியை வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விடுகிறேன்.

அவன் இந்த ஊருக்குள் வர வேண்டாம். உங்களிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

உங்கள் தம்பி,
கிதியோன்


ட்ராவர்ஸ் ஏரி
செப்டம்பர் 12, 1889

அம்மாவுக்கு,

உன் மகன் எனோக் எழுதுகிறேன். நல்ல மனதோடு உன் கையைப் பிடிக்கிறேன். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். குதிரைக்குத்தான் முன்னங்கால் கொஞ்சம் நொண்டுகிறது. அப்பா என்னோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மற்றதை எழுத வேண்டாம் என்று கிதியோன் மாமா கேட்டுக்கொண்டார். நான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாமல் நான் ஒன்றை வைத்துக்கொண்டு உன் வீட்டில் சாப்பிட முடியாது.

இங்கே வந்ததும் மாமா வீட்டுக்குப் போகவில்லை. ஆமோஸ் என்று ஒரு கிழவர், மாமாவோடு வேவுப்படையில் இருந்தவர், அவர் வீட்டில் தங்கினேன். வாய் ஓயாத மனிதர். என்னைப் பார்த்ததும், "மூக்கப் பாத்தாலே தெரியுது, நீ யார் மகன்னு. உங்கப்பன் எனக்குப் பந்தாட்டத்துல ரெண்டு பல்லு பாக்கி வெச்சிருக்கான்டா" என்றார். மாமா சாயங்காலம் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். நான் நினைத்திருந்த ஆள் இல்லை. ஒடிந்து, சின்னதாக, இருமிக்கொண்டு நின்றார். கையை நீட்டினார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சாப்டியாப்பா?" என்றார்.

"உங்க வீட்டுல இல்ல" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று பேரும் கோட்டைக்குப் போனோம். கதவெல்லாம் பிடுங்கிப் போயிருந்தார்கள். அணிவகுப்பு மைதானத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. லெப்டினன்ட் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார், கையசைத்தார், எழுந்திருக்கவில்லை. இடுகாட்டில் ஹாகே மாமாவின் பலகை வடக்கு வரிசையில் கடைசி. பலகையைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மாமா முதலில் மண்வெட்டியை எடுத்துக் குழிக்குள் இறங்கினார்.

அம்மா, எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நீ சொல்லி வளர்த்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது. "மேல வாங்க. எங்கப்பாவக் கொன்ன கையால அவரத் தோண்டாதீங்க. அந்தக் கை அவர் மேல பட்டா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றேன். என் இடுப்பில் கத்தி இருந்தது. மாமா மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு மேலே ஏறி வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஆமோஸ்தான் வெடித்தார். "போதும் கிதியோன். நீ வாங்குன சத்தியத்த நீயே வெச்சுக்கோ. இந்தப் பொடிப்பய உன்ன இப்படிப் பேச, நான் பக்கத்துல நின்னு மூக்கச் சொறிஞ்சிட்டு இருக்கணுமா?"

"ஆமோஸ், வாய மூடு" என்றார் மாமா.

"மூட மாட்டேன். டேய், இங்க பாரு. உங்கப்பன் செத்த அன்னிக்கு உங்க மாமன் அந்தத் துறையிலேயே இல்ல. கோட்டைக்கு வெறகு ஏத்திட்டுப் போயிருந்தான். துறையில இருந்தது நாங்க நாலு பேரு. நான், ஹாகே, இன்னும் ரெண்டு பேரு. கூட ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

காலை மூடுபனி. அக்கரையிலிருந்து ஒரு ஆள் தலையில் மூட்டையோடு தண்ணீரில் இறங்கி வந்தார். பாதி ஓடை வந்ததும் ஹாகே மாமா அடையாளம் கண்டுகொண்டு, "அது எங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார். என்ன சொல்கிறான் என்று சார்ஜன்ட் கேட்டான். ஆமோஸ் அதை அவன் பாஷையில் சொன்னார். "நான்தான்டா சொன்னேன். இந்த வாய்தான்" என்றார். சொந்தக்காரன் என்றால் அவனே சுடட்டும், இல்லாவிட்டால் நீங்கள் யார் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றானாம் சார்ஜன்ட். அவர்களுடைய பெண்டுபிள்ளைகள் எல்லாம் கோட்டை முகாமில் இருந்தார்கள். ரேஷன் கோட்டையிலிருந்துதான்.

அப்பா தண்ணீரில் நின்றபடி சிரித்தாராம். மச்சானும் மச்சானும் பேசுவது போலத்தான் பேசியிருக்கிறார். "யாரது, ஹாகேயா? துப்பாக்கியக் கீழ போடுடா. நின்னுட்டிருந்த மாட்டையே தவறவிட்டவன், இவன் என்னச் சுடப்போறானாம். உங்கக்கா உன்னக் காதப் பிடிச்சு இழுத்துட்டு வரச் சொல்லியிருக்கா, வா வா."

"அவன் சிரிச்சிட்டே இருக்கும்போதுதான் ஹாகே சுட்டான்" என்றார் ஆமோஸ். "ஏன் சுட்டான்னு என்னக் கேக்காத. இவன் சுடலேன்னா நாங்க மூணு பேரும் சுட்டிருப்போம். அது அவனுக்குத் தெரியும். உங்க மாமன் சாயங்காலம் வந்தான். எங்க எல்லாரையும் உக்கார வெச்சு, யாரு கேட்டாலும் உத்தரவு என்னோடதுன்னு சொல்லுங்கன்னான். அக்கா என்னை வெறுத்தா தாங்கிப்பேன், அந்தப் பிள்ளைய வெறுத்தா அவ செத்துருவா, அவனும் செத்துருவான்னான். அவன் எப்படியும் செத்தான். சோறு தண்ணி இல்லாம ரெண்டு வருஷத்துல."

நான் மாமாவிடம் போனேன். "இது உண்மையா?" என்று கேட்டேன்.

"மண்ணு சரியுது பாரு. இருட்றதுக்குள்ள தோண்டிடணும்" என்றார்.

மூன்று பேரும் தோண்டினோம். அப்பாவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஹாகே மாமாவைத் தூக்க வேண்டும். பெட்டியின் அடிப்பலகை உளுத்திருந்தது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கிதியோன் மாமா. தூக்கும்போது அவர் கை என் கைமேல் பட்டது. நான் எடுக்கவில்லை. அடியில் எருமைத்தோல் பாதி மண்ணாகியிருந்தது. அப்பாவைப் புதுக் கம்பளியில் சுற்றினேன். ஹாகே மாமாவைத் திரும்ப உள்ளே இறக்கினோம்.

அன்று அவர் வீட்டில் சாப்பிட்டேன். காய்ந்த கிழங்குக் கஞ்சி. உப்பு அதிகம்.

நாளை கிளம்புகிறேன். நொண்டிக் குதிரை என்பதால் நடந்துதான் வருவேன். கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும்.

உன் மகன்,
எனோக்


ட்ராவர்ஸ் ஏரி
செப்டம்பர் 14, 1889

அக்காவுக்கு,

நல்ல மனதோடு உங்கள் கையைக் குலுக்குகிறேன். மருமகன் நேற்றுக் காலை கிளம்பினான். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். மச்சானின் நடை.

ஆமோஸ் சொன்னதை அவன் எழுதியிருப்பான். அதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

ஹாகேயைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். தோண்டும் ஆட்கள் அக்டோபர் பத்தாம் தேதி வருகிறார்கள். வேவுக்காரர்களின் குடும்பம் வேண்டுமென்று கேட்டுக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். லெப்டினன்ட் சொன்னார். கேட்காவிட்டால் மற்றவர்களோடு அவனும் தெற்கே போய்விடுவான். இங்கே சர்ச் நிலத்தில் லூயிசாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்கு அங்கே மச்சானுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் அப்படியும் கொண்டுவருவேன். வேண்டாம் என்றாலும் சரி.

இந்த முறை நானாக முடிவு செய்ய மாட்டேன். இதுவரை செய்தது போதும். கடிதம் போய்வர நாள் இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதினால் போதும், அக்கா.

உங்கள் தம்பி,
கிதியோன்


ட்ராவர்ஸ் ஏரி
அக்டோபர் 13, 1889

அக்காவுக்கு,

உங்கள் கையைக் குலுக்குகிறேன். எனோக் சுகமாக வந்து சேர்ந்திருப்பான் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

ஒன்பதாம் தேதிவரை தபால் கடைக்குத் தினமும் போனேன். கடைக்காரன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவான். கடிதம் தொலைந்திருக்கலாம். அல்லது நீங்கள் படுக்கையில் விழுந்திருக்கலாம். பதில் இல்லாததால் நான் கையெழுத்துப் போடவில்லை.

பத்தாம் தேதி வந்தார்கள். கூலிக்கு வந்த நார்வேக்காரர்கள். நல்ல வேலைக்காரர்கள், பாடிக்கொண்டே தோண்டினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பெட்டி, மேலே எண். ஒரு முழு ஆள் எவ்வளவு சின்னப் பெட்டியில் அடங்கிவிடுகிறான். பெயர் தப்பாக எழுதிய பலகைகளைப் பற்றி நான் லெப்டினன்டிடம் சொன்னேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். அதனால் அந்தச் சிப்பாய்கள் தப்பான பெயரோடேயே போகிறார்கள். ஹாகே சரியான பெயரோடு போனான். அதை நான் நின்று பார்த்துக்கொண்டேன். தலைப்பக்கத்தை ஜாக்கிரதையாகத் தூக்குங்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு என் பாஷை தெரியாது, ஆனாலும் ஜாக்கிரதையாகத்தான் தூக்கினார்கள்.

சலவைக்காரியின் குழந்தைகள் கணக்கில் இல்லை. அவர்களை விட்டுவிட்டார்கள். மற்றக் குழிகளை மூடாமலே போய்விட்டார்கள். வண்டி மேட்டைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு ஹாகேயின் குழியை மூடினேன். மாடு விழுந்து காலை முறித்துக்கொள்ளும்.

உங்களுக்கு உடம்பு எப்படி என்று எனோக்கையாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கிதியோன்


ஓக் ரிவர்
அக்டோபர் 30, 1889

கிதியோனுக்கு,

நான் படுக்கையில் விழவில்லை. கடிதமும் தொலையவில்லை. செப்டம்பர் இருபத்தாறாம் தேதியே வந்தது. எனோக்கின் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னால். பதில் எழுதினால் உனக்கு நேரத்துக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தபால் போகிற இரண்டு வண்டிகளையும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. அவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள் என்று உன் மனதைத் தேற்றிக்கொள்ளாதே. நான் கொடுத்தேன்.

அவரை ஆற்றங்கரை மேட்டில் வைத்துவிட்டோம். பாதிரியார் வந்தார். பெரியவர்களும் வந்தார்கள். நான் அழவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். யாருக்காக அழுவது என்று குழம்பிப்போய் நின்றேன். அது அவர்களுக்குத் தெரியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ செய்தது பெரிய தியாகம் என்று எனோக் சொல்கிறான். அவனை வாயை மூடச் சொன்னேன். யார் உன்னை அதைச் சுமக்கச் சொன்னது? நான் சொன்னேனா? சரியான ஆளை வெறுத்திருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் அது தீர்ந்திருக்கும். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நான் வளர்த்தது. எந்த இடத்தில் பயப்படுவான், பயந்தால் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் அவனைப் புரிந்துகொண்டிருப்பேன். அவன் உயிரோடு இருக்கும்போதே ஒரு வார்த்தை அனுப்பியிருப்பேன். நீ அந்த வழியை அடைத்துவிட்டாய். தப்பான ஆளை வெறுத்ததால்தான் அது தீராமல் இத்தனை வருடம் நின்றது. அவனுக்கு நான் எடுத்துவைத்த சோளத்தை எல்லாம் இப்போது யாரிடம் திரும்பக் கேட்பது? என் கோபத்தையும் நீ திருடினாய், என் துக்கத்தையும் திருடினாய். இரண்டுக்கும் ஆள் மாற்றி வைத்தாய், அந்தப் பலகைகளில் பெயர் எழுதியது மாதிரி.

நான்தான் அவரை அனுப்பினேன் என்பதையும் நான் மறக்கவில்லை. நீ அதை ஒரு கடிதத்திலும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுதாமல் இருந்தேன் என்று தெரிந்ததிலிருந்து எனோக் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வசந்தத்தில் தெற்கே போய் ஹாகேயின் கல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவானாம். நான் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தின் பெயரையும் ரயில் விவரத்தையும் லெப்டினன்டிடம் கேட்டு அவனுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

நீ தனியாக இருக்கிறாய், கஞ்சியில் உப்பு அளவு தெரியாமல் போடுகிறாய் என்று சொன்னான். கடிதத்தில் திட்டி எனக்கு ஆறவில்லை. நான் ஒன்று சொல்லி, நீ அதற்கு ஒன்று எழுதி வருவதற்குள் எனக்கு அடுத்த கோபம் வந்துவிடுகிறது. ஓடைகள் உறைந்ததும் வண்டிப்பாதை நன்றாக இருக்கும். அப்போது கிளம்பி வா. கொட்டகைக்குப் பக்கத்து அறையில் எனோக் அடுப்பு வைத்துக்கொண்டிருக்கிறான், நான் கேட்காமலே. வந்தால் உன்னோடு பேசுவேன் என்று உறுதி சொல்ல முடியாது. சாப்பாடு போடுவேன்.

ஹாப்ஸ்தின்